சிலந்திக்கும் பாசிக்கும் பெயர்ச்சீட்டு

உலகத்து மனிதர்களையெல்லாம் இரண்டே ரகமாகப் பிரித்தவர் எங்கள் ஒட்டடை அண்ணன்: ஒன்று குதிக்கும் சிலந்தி, இன்னொன்று சுவர்ப்பாசி. மூன்றாவது ரகத்தில் கடவுளுக்குக்கூட இடம் கிடையாது.

தேர்வாய் கண்டிகையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. ஒட்டடை அடிப்பதும் பாசி சுரண்டுவதும் அவர் வேலை. ஆனால் பம்ப் ரூம் சுவரில் மட்டும் ஒரு சிலந்தியையும் உள்ளங்கை அகலப் பாசியையும் விட்டுவைத்திருந்தார். அவற்றின் எதிரே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. சிலந்திக்கு வலையில்லை, பாய்ந்தால்தான் சோறு. பாசிக்கு வேரில்லை, தண்ணீர் வந்தால்தான் உயிர் என்பார். மேனேஜர் சிலந்தியாம். ஸ்டோரில் இருக்கும் நான் பாசியாம். முந்தைய கம்பெனி மூடி, இரண்டு வருஷம் ஆரம்பாக்கத்து வீட்டில் சும்மா கிடந்தவன் நான். குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

சித்திரை வெயிலில் ஆடிட் வந்தது. துடைப்பம் உட்பட எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில்லாத ஒன்று கண்ணில் பட்டாலும் வேலை போய்விடும் என்று அண்ணனை மேனேஜர் மிரட்டியிருந்தார். அண்ணன் என்னிடம் இரண்டு சீட்டு வாங்கிப்போய்ச் சுவரில் ஒட்டிவிட்டார். ‘சிலந்தி, எண்ணிக்கை 1, இடம் மாறும்.’ ‘பாசி, எண்ணிக்கை 1, இடம் மாறாது.’

ஆடிட்டர் அம்மா அங்கேயே நின்றுவிட்டார். மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. இவற்றால் என்ன பயன் என்று கேட்டார் அம்மா.

“சிலந்தி ஈய துன்னுதும்மா. இந்த வெயில்ல மத்த பாசியெல்லாம் கருகிப்போச்சி, இது மட்டும் பச்சையா கீது. உள்ள பைப்பு ஒழுவுதுன்னு ஒரு மாசமா சொல்லிக்கினு கீறேன், யாரும் கேக்கல.”

சுவரின் மறுபக்கம் உடைத்துப் பார்த்தார்கள். பைப் ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணன் வேலை தப்பியது.

ஆனால் பைப்பை அடைத்ததும் பாசி காய்ந்து கறுத்தது. அன்று அண்ணன் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு மக்கு தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். திரும்பினால், பின்னால் அண்ணன்.

“காஞ்சாலும் சாவாது சார். தண்ணி பட்டா எழுந்துக்கும். அதான் உன்ன பாசின்னேன்.”

போன வருஷம் காண்ட்ராக்ட் மாறி, அண்ணன் வேறெங்கோ போய்விட்டார். அவர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் தினம் மதியம் ஒரு மக்கு தண்ணீரோடு போய்விடுகிறேன்.