குளத்தில் இழுத்த கரைமடி

“எம் மீன எங்கடே?”

குளத்துக்கரையில் நின்று தாணுலிங்கம் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பிவிட்டன. கீழே சமுதாயக்கூடத்து வாசலில் ஊரே பந்தியில் உட்கார்ந்து மீன்குழம்பை வழித்துத் தின்றுகொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற ரெனிஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“குளத்துல கெடந்த மீனையா கேக்கீங்க அண்ணே?”

“பின்ன, ஆகாசத்துல கெடந்த மீனையா கேப்பாங்க? அது குத்தகை மீனாக்கும் பிள்ளே!”

ரெனிஷாவின் வாய் தானாகத் திறந்தது. “மீனுக்குக் குத்தகையா?”

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், வீட்டுப் படியில் கால் நீட்டினால் அலை தொடுகிற ஊரில் பிறந்தவள். கடலை யார் குத்தகைக்கு எடுப்பார்கள்? வலையில் விழுந்தது வலைக்காரனுக்கு. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கும்போது வடத்தில் கை வைத்தவனுக்கெல்லாம் கறிக்கு நாலு மீன். இதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம்.

அந்தச் சட்டப்படிதான் காலையில் எல்லாம் நடந்தது. தேவாலயப் பங்கு இளைஞர் இயக்கத்தின் கோடைச் சேவை முகாமுக்காக, ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவில் கிடந்த இந்த ஊருக்கு அவளும் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். குளத்தை மூடிக் கிடந்த பாசியை அள்ளுவது வேலை. கையால் அள்ளினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும் என்று, அவள் வீட்டில் சும்மா கிடந்த பழைய கரைமடி வலையை வரவழைத்து, இரண்டு பக்கமும் வடம் கட்டி இழுத்தார்கள். யோசனை ரெனிஷாவுடையது. பாசி வந்தது. பாசியோடு கட்லாவும் சிலேபியும் துள்ளிக்கொண்டு வந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு கை பிடித்தார்கள். பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்புவது மரியாதையா? கூட வந்த அனீஷ் நின்று பங்கு வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஊரில் வடம் பிடிக்காத கையே இல்லை. கோயில் தேருக்குக்கூட இந்தக் கூட்டம் வந்ததில்லை என்று டீக்கடை முத்துக்கனி தாவாங்கட்டையில் கைவைத்துச் சொன்னாள். தாணுலிங்கம் அந்த நேரம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்.

“இண்ணைக்கே மூட்டையக் கட்டுங்க. இல்லேண்ணா பஞ்சாயத்துல சொல்லி இந்தக் கூடத்தைப் பூட்டிருவேன்!” என்றார் அவர் இப்போது.

அனீஷ் ரெனிஷாவின் காதோரம் குனிந்தான். “ஏட்டி, போயிருவோம். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா, இந்தச் சேத்து மீனத் தொட்டதுக்கே என்னைக் கொன்னுபோடுவாரு.”

அவனுடைய அப்பாதான் டைட்டஸ். பங்குப் பேரவைத் துணைத்தலைவர். வடசேரிச் சந்தையில் மீன்கடை. கடை முகப்பில் ‘கடல் மீன் மட்டும்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருப்பார். குளத்து மீனைத் தின்றவன் கடலுக்குத் துரோகி என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. அதைப் பார்த்துப் பயந்துதான் ஊர்ப் பிள்ளைகள் சோறு தின்றன.

இந்த முகாமை ஆரம்பத்திலேயே எதிர்த்தவரும் அவர்தான். “ஃபாதர், வேற ஊரு கிடைக்கலியா? அங்க காத்து சரியில்ல, தண்ணி சரியில்ல, ஆளும் சரியில்ல” என்று பேரவையில் எழுந்து நின்றார். பங்குத்தந்தை அசையவில்லை என்றதும் ரெனிஷாவின் பக்கம் திரும்பினார்.

“பொட்டப்பிள்ள தலைமையில ஒரு முகாமா? பாதியில அழுதுக்கிட்டு ஓடி வருவா. வந்தா, இயக்கத்துக்குத் தலைவரு எம் மவன் அனீசு. பொண்ணுவ பழையபடி பாட்டுக்குழுவோட நின்னுக்கிடணும். கடைசிவர நின்னுட்டாளுவண்ணா எம் மீசைய எடுத்துருதேன்!”

சபை சிரித்தது. ரெனிஷா எழுந்தாள். காது மடலெல்லாம் சுட்டது அவளுக்கு. “மாமா, கத்தியத் தீட்டி வையுங்க” என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள், ஒரு கட்லாவுக்காக மூட்டை கட்டுவாளா?

“நாங்க போமாட்டோம் அண்ணே” என்றாள் தாணுலிங்கத்திடம். “தெரியாமப் பிடிச்சோம். தப்புதான். மீனுக்கு மீனு தாறோம். ஆனா போமாட்டோம்.”

தாணுலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனார். “சரி... சரி... ஆவட்டும்” என்ற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து, “ஞாயித்துக்கிழமைக்குள்ள மீனுக்கு மீனு வந்தாகணும். வரலேண்ணா நடையக் கட்டணும்” என்றார்.

“அவ்வளவுதானே?” என்றாள் ரெனிஷா.

மறுநாள் விடியற்காலையிலேயே அவள் அப்பாவின் வள்ளத்தில் பட்ட சாளையும் அயிலையும் கூடை கூடையாக வந்து இறங்கின. அவள் தலை நிமிர்ந்து நின்று மூடியைத் திறந்து காட்டினாள்.

“இது செத்த மீனுல்லா?” என்றார் தாணுலிங்கம்.

“மீனு செத்துத்தானே வரும்?”

“எங் குளத்துல கெடந்தது உயிருள்ள மீனு பிள்ளே. நீந்தும். இதைக் குளத்துல விட்டா என்ன செய்யும்?”

“மெதக்கும்” என்றான் பின்னால் நின்ற முகாம் பையன் லிஜின். ரெனிஷா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் பாசி அள்ளப் போய்விட்டான்.

மே மாத வெயில். மீன் தாங்குமா? நாறுவதற்குள் ஊருக்கே பங்கு வைத்துக் கொடுத்தார்கள். தாணுலிங்கமும் ஒரு சட்டி அயிலை வாங்கிப் போனார். கோபம் வேறு, குழம்பு வேறு. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் முகாமில் காலை ஜெபம் முடியவில்லை, வாசலில் சட்டியும் பானையுமாகப் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

“இண்ணைக்கு என்ன மீனு மக்கா? நெய்மீன் வருமா?”

“அக்கா, இது மீன் முகாம் இல்ல. பாசி அள்ளுத முகாம்” என்று ரெனிஷா கெஞ்சினாள்.

“பாசிய மத்தியான உச்சைக்கு மேல அள்ளிக்கிடலாம் மக்கா. மொதல்ல மீனுக்கு வழியப் பாரு.”

அனீஷ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். “ரெனி, சொன்னாக் கேளு. ஊருக்குப் போயிருவோம்.”

“போணும்ணா நீ போ. உங்க அப்பா மீசையத் தடவிக்கிட்டு வாசல்லயே நிப்பாரு.”

அவன் பையை இறக்கி வைத்தான்.

உயிருள்ள மீன்தானே வேண்டும்? ஒரு மீன் பண்ணையைத் தேடிப் பிடித்தார்கள். முகாம் மொத்தமும் போய் ஒரு பகல் முழுக்கப் பண்ணைத் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக மீன் குஞ்சு கேட்டு வாங்கினார்கள். தண்ணீர் நிறைத்த டிரம்களில் குஞ்சுகளை ஊற்றி, டெம்போவில் ஏற்றி, வழியெல்லாம் கையால் கலக்கிக்கொண்டே கொண்டுவந்து குளத்தில் விட்டார்கள். தண்ணீரில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஓடியதைப் பார்த்து ரெனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்துக்கிடுங்க அண்ணே. போனதுக்கு மேலேயே இருக்கு.”

“கொள்ளாம்” என்று தாணுலிங்கம்கூட ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கொக்கு. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குச் சொல்லி அனுப்பினவோ தெரியாது, அத்தனை கொக்கும் நாரையும் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. பாசி இருந்தவரை மீன்களுக்கு மறைவு இருந்தது. இந்தப் பிள்ளைகள்தான் மெனக்கெட்டு அதில் முக்கால்வாசியை அள்ளி, தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார்களே! இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறியும் வைத்த விருந்து.

“கெணறு வெட்டப் பூதம் வந்த கதையால்லா இருக்கு!” என்று தலையில் அடித்துக்கொண்டார் தாணுலிங்கம்.

“பூதம் வந்தா பூதத்தையும் பாத்துக்கிடுவோம்” என்றாள் ரெனிஷா. அதோடு விடவில்லை. “லிஜின், அந்த வலைய எடு. கரை ஓரத்துல மூங்கில் நடு. கொக்கு எறங்க முடியாம மேல பந்தல் மாதிரி கட்டிருவோம்.”

கட்டினார்கள். நல்ல கட்டு. கடற்கரைப் பிள்ளைகள் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று யாரிடமும் கேட்டு வருவதில்லை. மத்தியானம் ஒரு காற்று அடித்தது. காற்றாடிகள் பேய் பிடித்த மாதிரி சுற்றின. வலை மூங்கிலோடு பிடுங்கிக்கொண்டு எழும்பி, கரையில் அசைபோட்டுக்கொண்டு நின்ற தாணுலிங்கத்தின் எருமை மேல் போய் விழுந்தது.

முடிச்சுதான் அவிழாதே. எருமை வலையோடு ஓடியது. மூங்கில்கள் பின்னால் தடதடத்தன. அதற்குப் பின்னால் முகாம் ஓடியது. அதற்குப் பின்னால் ஊர் ஓடியது. டீக்கடைக்குள் புகுந்து வெளியே வந்து, தாணுலிங்கத்தின் வாழைத்தோப்புக்குள் நுழைந்து, குலை தள்ளிய வாழையாகப் பார்த்துச் சாய்த்துவிட்டு, கடைசியில் அவர் வீட்டு முற்றத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

தாணுலிங்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். “என்னால ஒண்ணுங் கழியாது. நீங்களே வந்து பாத்துக்கிடுங்க” என்றார்.

பங்குத்தந்தையிடம்தான் பேசுகிறார் என்று நினைத்தாள் ரெனிஷா. அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வலையை அறுத்து எருமையை விடுவித்து, சாய்ந்த வாழைகளில் நிமிர்த்த முடிந்ததை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாரும் மறுபடி குளத்தில் இறங்கி மிச்சமிருந்த பாசியை அள்ளினார்கள். அனீஷும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியது பங்குத்தந்தை இல்லை. டைட்டஸ். வழி விசாரிக்காமல் நேராகக் குளத்துக்கரைக்கே வந்து, புளியமரத்து நிழல் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தார். சோறு போடுகிறவர்களையே குரைத்து விரட்டுகிற டீக்கடை நாய், அவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்ச் செருப்பை நக்கியது. மீசைக்கு நாயும் பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள் ரெனிஷா.

“என்னட்டி, குளத்தையே குடிச்சு முடிச்சிட்டியளா?” டைட்டஸின் குரல் அக்கரை வரை கேட்டது. “நான் அப்பவே சொன்னேன், கேட்டாவளா? மீனு போச்சு, குஞ்சு போச்சு, வாழை போச்சு! ஏறுங்க வண்டியில. முகாம் முடிஞ்சுது!”

ஊர் கூடிவிட்டது. தாணுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

“அப்பா, நான் வரல” என்றான் அனீஷ்.

“என்னது?”

“பாசி இன்னும் கொஞ்சம் கெடக்கு. அள்ளி முடிச்சிட்டு எல்லாரோடயும் வாறேன். தலைவரு வேலையும் எனக்கு வேண்டாம்.”

டைட்டஸின் மீசை ஒரு பக்கமாக ஆடியது. “ஏலே, சவத்தெழவே! உன்னையும் கெடுத்துட்டாளா இவ?”

முத்துக்கனி டீக்கடையிலிருந்து சாயாவோடு வந்தாள். யாரும் கேட்காமலே சீனி போடாத சாயா. அதை டைட்டஸின் கையில் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். ரெனிஷா அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. முழங்கால்வரை சேறு. தலைமுடியில் பாசி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, நாங்க தப்புச் செஞ்சோம். ஒண்ணத் திருத்தப் போயி ஒம்பதக் கெடுத்தோம். ஆனா ஓடல. ஓடவும் மாட்டோம். இங்க பாருங்க, இந்தக் குளத்துல தண்ணி தெரிஞ்சு எத்தன வருசமாச்சுண்ணு ஊருல கேளுங்க. மீனு தாணுலிங்கம் அண்ணனுக்குள்ளது. வாழை அவருக்குள்ளது. எருமையும் அவருக்குள்ளது. அடுத்த லீவுக்கும் வந்து அவருக்கு ஒழச்சுக் குடுப்போம். போண்ணு சொல்லணும்ணா அவரு சொல்லட்டும். அவரே வாயத் தொறக்காம நிக்காரு. இதுல உங்களுக்கு என்ன நட்டம்?”

டைட்டஸ் மீசையைத் தடவினார். தாணுலிங்கத்தைப் பார்த்தார். தாணுலிங்கம் குளத்தைப் பார்த்தார்.

முத்துக்கனிதான் காலி கிளாஸை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“அவருக்கில்லாத நட்டம் பின்ன யாருக்குப் பிள்ளே? தாணுலிங்கம் அண்ணன் வெறும் காவலுக்குல்லா நிக்காரு, குளத்தைக் குத்தகைக்கு எடுத்து வருசக்கணக்கா வடசேரிக் கடைக்கு மீன் ஏத்துத மொதலாளி இந்த மீசைக்காரருதானே!”