லிங்கராஜ் அண்ணாச்சி சார்ஜில் இருக்கிறார்

உலகத்தில் பைக் வாங்குகிறவர்கள் உண்டு. மின்சார பைக் வாங்குகிறவர்கள் என்று தனியாக ஓர் இனமும் உண்டு. முதல் வகையினர் வாங்கிய மறுநாளே வண்டியை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இரண்டாம் வகையினருக்கு அன்றுதான் வேலையே ஆரம்பம். வண்டியைச் செய்த கம்பெனி எங்கோ இருக்கும். அங்கே இவரை ஈ காக்கைக்கும் தெரியாது. ஆனால் இவர் வாயில் அது "நம்ம கம்பெனி". அங்குள்ள இன்ஜினியர்கள் "நம்ம பயலுவ". பேட்டரிக்கு உத்தரவாதம் கொடுத்தது கம்பெனியா, இவரா என்று கேட்கிறவனுக்கே குழப்பம் வந்துவிடும்.

தெரியாத்தனமாக "வண்டி நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டீர்களா? உங்கள் காலைப்பொழுது போயிற்று. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, ஆயில் மாற்ற வேண்டாம், முறுக்கிய நொடியிலேயே மோட்டார் முழு இழுவையையும் தரும், பிரேக் பிடித்தால் வீணாகப் போகிற வேகம்கூட மின்சாரமாகித் திரும்பப் பேட்டரிக்குள் போய் உட்காரும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லின் சூட்டையும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் அடுக்கி, கடைசியில் குரலைத் தாழ்த்துவார். "ராத்திரி உங்க வண்டி என்ன செய்யும்? சும்மா நிக்கும். நம்ம வண்டி புது சாஃப்ட்வேர இறக்கிப் படிக்கும்."

தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும் அவரே வருவார். பெட்ரோல் பங்க் வந்தால் வேகத்தைக் குறைப்பார். வரிசையில் நிற்கிறவர்களை, சாவு விழுந்த துஷ்டி வீட்டில் நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்து, தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போவார்.

போன வெள்ளிக்கிழமை அவர் மச்சினன் ஜெயகணேஷுக்கு உடன்குடியில் புதுவீட்டுப் பால் காய்ச்சு. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் உடன்பிறந்தவள் குத்துவிளக்கோடு முன்னால் நுழைய வேண்டும். அந்த உடன்பிறந்தவள்தான் அண்ணாச்சியின் மனைவி முருகேஸ்வரி. அவள் வரத் தவறினால் விளக்கைப் பிடிக்க ஜெயகணேஷின் கொழுந்தியாள் பட்டுச்சேலையோடு தயாராக நிற்கிறாள். அதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

"பஸ்ல போவோம்" என்றாள் முருகேஸ்வரி.

"ஏளா, இந்த வண்டி உடன்குடி போய்ட்டு வந்துட்டு, மறுபடியும் போவும்!"

போகும்தான். யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டால். புறப்படும் முன்பே தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டினார்கள். பழையகாயலில் இளநீர்க்காரர் ஒரு சுற்று. ஆத்தூரில் வெற்றிலை வாங்க வந்த இருவர், வெற்றிலையை மறந்து இரண்டு சுற்று. யாரும் கேட்கவில்லை, இவர்தான் சாவியை நீட்டினார். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு முருகேஸ்வரி ஒவ்வோர் ஊரிலும் ஓரமாக நின்றாள்.

ஆறுமுகநேரியில் ஆவுடையப்பன் டீக்கடை. அங்கே உப்பு லாரி டிரைவர் செல்வதுரை டீயை ஊதிக்கொண்டே, "சத்தமே வரல, இதெல்லாம் இழுக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டான்.

அண்ணாச்சிக்கு அது கம்பெனி வாசலில் நின்று வைததுபோல் இருந்தது. இருப்பதிலேயே வேகமான மோடில் போட்டு, "போ. இழுக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

போனான். டீ ஆறியது, இன்னொரு டீ வந்தது, அதுவும் ஆறியது. ஒருவழியாகத் தலைமுடி கலைந்து, கண்ணில் நீர் வழிய வந்து இறங்கினான்.

"செம வண்டி அண்ணாச்சி! சாகுபுரம் பாக்டரி கேட்டுக்குப் போயிட்டு வாரேன். அங்கன நம்ம பயலுவ நாலு பேரு நின்னானுவ. ஆளுக்கு ரெண்டு ரவுண்டு ஓட்டுனானுவ."

"என்ன சொன்னானுவ?" என்றார் அண்ணாச்சி, முகமெல்லாம் பல்லாக.

"சார்ஜ் எவ்ளோ இருக்கு?" என்றாள் முருகேஸ்வரி.

நான்கு சதவீதம்.

பெரிய பிளக் மாட்டும் பாயிண்ட் அந்தக் கடையில் ஒன்றுதான். அதில் வடை மாவு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "வடையா, வண்டியா, ஒண்ணச் சொல்லும்" என்றார் ஆவுடையப்பன். வண்டிதான் வென்றது. பாதி அரைந்த உளுந்து அப்படியே நின்றது.

முருகேஸ்வரியின் போன் அடித்தது. ஜெயகணேஷ். "அக்கா, எங்க இருக்க? இங்க எம் பொண்டாட்டி தங்கச்சி வேற ஒரு விளக்கக் கேக்கா!"

"ஏலே, அவ கையில குடுத்துராத. நான் வந்துட்டேன்னு வச்சுக்கோ. ஒங்க அத்தான் சார்ஜ்ல இருக்காவ."

போனை வைத்துவிட்டு செல்வதுரையைப் பார்த்தாள். "லோடு எங்க போவுது?"

"உடன்குடி வழியாத்தான் அக்கா, நாகர்கோவிலுக்கு."

"எடு வண்டிய."

பட்டுச்சேலையை இடுப்பில் செருகி, விளக்கை இடுக்கிக்கொண்டு, அவள் லாரியின் முன்சீட்டில் ஏறியதை அண்ணாச்சி கவனிக்கவில்லை. வடைக்குக் காத்திருந்தவர்களுக்கு, பேட்டரி ஏன் எண்பது சதவீதத்துக்கு மேல் மெதுவாக ஏறும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் போக்கிடம் இல்லை, வடை வரவில்லையே.

பத்தரைக்குப் பிறகு அவர் போன் அலறியது. "அத்தான்!" ஜெயகணேஷ் கூவினான். "பால் பொங்கிருச்சு! பத்தரைக்கு முன்னாலயே அக்கா வந்துட்டா. புதுவீட்டுக்கு எல்லாரும் ஒரு பாக்கெட் உப்புதான் கொண்டு வருவாவ. எங்க அக்கா ஒரு லாரி உப்போட வந்து எறங்குதா! ஊரே வாசல்ல நிக்கி. இப்படி ஒரு யோகம் எந்த வீட்டுக்கு வரும்னு எல்லாரும் கேக்காவ!"

அண்ணாச்சி போனை வைத்தார். முருகேஸ்வரி நின்ற இடம் காலியாக இருப்பதை அப்போதுதான் கவனித்தார். பிறகு டீக்கடைக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் பெட்ரோமாக்ஸ் போல் எரிந்தது.

"பாத்தீரா ஆவுடையப்பன்? இதே பெட்ரோல் வண்டின்னா நேரா போய் எறங்கிருப்போம். ஒரு பய திரும்பிப் பாத்திருப்பானா? சார்ஜ் தீந்ததாலதானே ஒரு லோடு உப்பு வீடு தேடிப் போச்சு! இத நம்ம கம்பெனிக்குச் சொல்லணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் செல்வதுரையிடம் சாவியை நீட்டிய இடத்தில், 'சார்ஜை மிச்சம் பிடிக்கிற எக்கோ மோடில் போட்டுக் கொடுத்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காதே' என்று உங்களுக்குள் ஒரு குரல் முனகியதா, இல்லையா? முனகியிருந்தால் நீங்களும் அந்த இனம்தான்; தயவுசெய்து வாயைத் திறக்காமல் இருங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் போய்ச்சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கும்.