பவளம் தோலுரிந்த விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். மீன்களும் சௌக்கியம். அங்கே உங்கள் நலமும் நம் பெண்ணின் நலமும் அறிய ஆவலாக இருக்கிறோம். ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஃபோனில் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்பீர்கள், நான் பாதியில் குழம்பிவிடுவேன்.

வேலை மாற்றலாகிப் போகும்போது எங்கள் கூடத்தில் நீங்கள் இறக்கி வைத்துவிட்டுப் போன கடல்தொட்டியை உடனே வந்து எடுத்துக்கொண்டு போய்விடவும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான், மீதியெல்லாம் என் புலம்பல். நம் பெண் முதல் சம்பளத்தில் வாங்கிய அந்த ஊதாநிறக் கல் பவளம், மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு நிற்குமே, அது நுனியிலிருந்து தோலுரிந்துகொண்டே வருகிறது. உரியும் பவளத்தை வண்டியில் ஏற்றக் கூடாது, தேறட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். அது தேறுகிற வழியாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவள் ஆசையாக ஓடி வந்து பார்க்கும்போது வெறும் சுண்ணாம்புக் குச்சியைக் காட்ட எனக்குத் தெம்பில்லை.

நான் சும்மா இருந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆயுசு முழுக்கக் கணக்குத் தணிக்கை செய்தவன், முறைப்படி விசாரித்தேன். "வெளுத்திருக்கா, உரிஞ்சிருக்கா மாமா? ரெண்டும் வேற வேற" என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? வெளுத்திருந்தால் நிறம்தான் போயிருக்கும், சதை கண்ணாடி மாதிரி மேலே இருக்கும், குட்டிக் கைகளை நீட்டும்; உரிந்திருந்தால் எலும்புதான் மிச்சம் என்றீர்கள். அதைப் பார்க்க லென்ஸும் கையுமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் சங்கடம். அந்த நீல விளக்கு எரிந்தால் கூடமே மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. சுவரில் அலை நெளிகிறது, காலண்டர் மிதக்கிறது, பம்பின் முனகல் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. உங்கள் அத்தை துவைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே போனாள். பெரிதாக, சாவகாசமாக எதுவோ நீந்திப் போவதாக நினைத்து நான் காலை மடக்கி வழிவிட்டேன். விழித்துப் பார்த்தால் லென்ஸ் மடியில் கிடக்கிறது, சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் நின்றுகொண்டே பார்த்தேன். உரிந்துதான் இருக்கிறது. கைகளும் இல்லை, சதையும் இல்லை, உரிந்த இடத்தில் பச்சையாகப் பாசி வேறு ஏறத் தொடங்கிவிட்டது.

முதல் சந்தேகம் தொட்டியில் திரியும் நண்டின் மேல் விழுந்தது. அதைப் பிடித்துக் கடல்தண்ணீரோடு ஒரு ஜாடியில் காவலில் வைத்தேன். உங்கள் அத்தை அதைக் குடிதண்ணீர் என்று எடுத்து வாய்வரை கொண்டுபோய், உள்ளேயிருந்து இரண்டு கண் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன பேசினாள் என்கிறீர்களா, அதுவும் சரிதான். நண்டு ஜாடிக்குள் இருந்தபோதும் பவளம் உரிந்தது, ஆகவே நண்டு நிரபராதி. மீன்கடைக்காரர் வெளிச்சம் ஜாஸ்தி என்றார். விளக்கின் மேல் என் பழைய சட்டையைப் போட்டேன். சட்டை கருகியது, பவளம் உரிந்தது. பவளத்தைத் தின்னும் தட்டைப் புழு இருக்கும் என்று நீங்கள் சொன்னபடி மருந்துத் தண்ணீரில் முக்கி அலசினேன். ஒரு புழுகூட விழவில்லை.

கடைசியில் தண்ணீரைச் சோதித்தேன். குப்பியில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மஞ்சளாக வேண்டும், எத்தனை சொட்டோ அத்தனை காரத்தன்மை. விட்டேன், விட்டேன், நீலம் நீலமாகவே இருந்தது. காரம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, பவளத்தை உரித்தது அதுதான். எப்படி ஏறும்? நீங்கள் சொன்னபடி காலையில் பல் தேய்த்ததும், பவளம் வளரக் காரம் கூட்டும் மருந்தை ஒரு மூடி ஊற்றுகிறேன், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. உங்கள் அத்தையோ, உப்புத்தண்ணி வேலை எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே கைகழுவிவிட்டாள். ஆகவே இது என் அறிவுக்கு எட்டாத நோய். நான் தோற்றுப்போனேன் மாப்பிள்ளை. தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெண்ணைக் கோபிக்காமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு, தொட்டித் தண்ணீர் போலத் தெளிவாக இருவரும் நீடூழி வாழ ஆசி கூறும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போடுமுன் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் ஒரு மூடி என்ற இடம் வந்ததும் அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"நீங்க ஊத்துறீங்களா? தினமும் மத்தியானம் நான்தானே ஊத்திட்டிருக்கேன்."

நான் கடிதத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க அது முன்னாடி உட்கார்ந்தாலே தூங்கிடுறீங்க. மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். பொண்ணு வந்து பார்க்கும்போது அது இல்லாம போச்சுன்னா..." என்றவள் மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினாள். அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரே பில்லை இரண்டு பேர் பாஸ் செய்ததை ஊரெல்லாம் கண்டுபிடித்தவன், என் கூடத்தில் கோட்டைவிட்டேன். இருவரும் ஊற்றுவதை நிறுத்திக் காரம் தானாக இறங்கட்டும் என்று விட்டோம். கடிதமும் இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது. உரிவது பரவாமலிருக்க, உரியாத கிளைகளை அவள் வெட்டிக் கல்லில் பசைபோட்டு ஒட்டினாள், நான் டார்ச் பிடித்தேன். உரிவது நின்றுவிட்டது. நேற்று எல்லாக் கிளைகளிலும் குட்டிக் கைகள் நீண்டிருந்தன. இருவரும் ஒரே நாற்காலியில் ஒண்டிக்கொண்டு பார்த்தோம். கூடம் தண்ணீருக்குள் இறங்கியது, இந்தத் தடவை நான் தூங்கவில்லை.

இப்போது மருந்து ஒரே வேளைதான். "ஊத்தட்டுமா?" என்று அவள் கேட்க வேண்டும், "ஊத்து" என்று நான் சொல்ல வேண்டும். பெண் போனபிறகு இந்த வீட்டில் தவறாமல் நடக்கும் பேச்சு அதுதான். சில நாள் அதிலிருந்து வேறு பேச்சும் கிளைவிடுகிறது.

ஆகவே வண்டி கொண்டுவர வேண்டாம், பெண்ணை மட்டும் கூட்டி வாருங்கள். தொட்டியை எடுத்துப்போகலாம் என்று அவள் ஆரம்பித்தால், பவளம் இன்னும் தேறவில்லை என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.