பாவுக்கு முன்னால் நின்ற கார்

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
தை மாதம், 2009

சிரஞ்சீவி வீரபாகுவுக்கு மாமா மயில்வாகனம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த வீட்டில் இப்போது சுகமாக இருப்பது நீ விட்டுப்போன கரண்ட் கார் ஒன்றுதான்.

ஓட்டிப் பார்த்து நிறைகுறை எழுதுங்க மாமா, அப்புறம் வைத்துக்கொள்வதா விற்பதா என்று பார்க்கலாம் என்றாய். நிறை என்று பார்த்தால் பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை, தோல் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. குறை என்று பார்த்தால் நம்ம ஊர் கரண்ட் வருவதும் போவதும் உனக்கே தெரியும், சார்ஜ் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு அழுது வடிகிறது, ரிப்பேருக்கு ஆளில்லை, நம்ம மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு எஞ்சினை எவனோ திருடிட்டான் சார் என்று போலீசுக்குப் போகச் சொன்னான். இதெல்லாம் கிடக்கட்டும். பெரிய குறையே அதற்குச் சத்தம் இல்லாததுதான். தெருவில் மாடுகூட நகர மாட்டேங்குது. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் வந்ததே தெரியாது. நம்ம பையன் தேவேந்திரன் பைக் வாசலில் வந்து நிற்கும்போது கிளம்புமே ஒரு சத்தம், அதெல்லாம் இதில் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படுக்கப் போகும்போது நிறைந்திருக்கும் சார்ஜ் விடிந்தால் குறைந்திருக்குது. சாவி வைத்த மாடத்திலேயே இருக்குது. டயரில் தாமல் ஏரிச் சேறு. நேற்று விடிகாலை நம்ம தெருவில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார்கள். பனிக்குள்ளிருந்து உன் கார் சத்தமே இல்லாமல் வந்திருக்குது. வெளியூர்க்காரனாக இருந்தால் ஹாரன் அடிப்பான், ஓரமாகப் புகுந்து ஈரப் பாவில் புழுதியை அப்பிவிட்டுப் போவான். இது தூரத்திலேயே நின்று, ஒரு துளி புழுதி கிளப்பாமல், வந்த வழியே மெல்லப் பின்னால் போயிருக்குது. நம்ம தெருப் பிள்ளைக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும் என்கிறார் பாவு வேலை பார்க்கும் சீனிவாசன். கடைசியாகக் குரலை இறக்கிச் சொன்னார்: "ஓட்டுற சீட்டுல ஆளே இல்லபா. பக்கத்து சீட்டுல மட்டும் ஒரு பையன் நிமிர்ந்து உக்காந்துக்கினு இருந்தான்."

தாமல் ஏரிக்கரையில் லாரி மோதி நம்ம தேவேந்திரன் போனதிலிருந்து உன் அக்கா வாசலைத் தாண்டவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். பெற்ற பிள்ளை இப்படிக் காரில் சுற்றிக்கினு இருக்கிறான் என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்பா. அவள் காதுக்குப் போவதற்குள் ஆளனுப்பி இதை எடுத்துக்கொண்டு போய்விடு. விற்றுவிடு, கடலில் தள்ளு, எதையாவது செய். உன் வீட்டில் எல்லோருக்கும் காமாட்சியம்மன் அருள் நிறையட்டும்.

இப்படிக்கு,
மயில்வாகனம்

பி.கு.: ஆளனுப்ப வேண்டாம். கவரை ஒட்டும்போது உன் அக்கா தில்லையம்மாள் வந்து முழுவதையும் படித்துவிட்டாள். "நான்தான் ஓட்டிக்கினு போறேன். இது ஒண்ணுலதான் சத்தம் இல்ல" என்றாள். மகன் பழைய அம்பாசிடரில் ஏரிக்கரை ரோட்டில் அவளுக்குக் கத்துக்கொடுத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் உயரம்தான் உனக்குத் தெரியுமே, ஸ்டீயரிங்குக்கு மேலே தலை தெரியாது. ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு விடிவதற்குள் வந்துவிடுவாளாம். எனக்கும் போன உயிர் வந்தது. சரி, பக்கத்தில் யாரைக் கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்டேன்.

"தனியா ஓட்ட எனக்கு எங்க தெரியும்? அவன்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்துக்கினு வரான்."

காரை விற்க வேண்டாம். நாளைக்கு நானும் போகிறேன், பின்சீட்டில்.