கடற்கரையில் கழன்ற மூன்று அங்குலம்

உயரத்தில் பொய் சொன்னவன் கடற்கரைக்குப் போகவே கூடாது. இந்த உண்மை எனக்கு இருபத்தொன்பது வயதில், ஸ்கொட்லாந்தில், ஈரக் காற்சட்டையோடு விளங்கியது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சுவிஸில், கூர் என்ற ஊரில், ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. கிளாஸ்கோவில் இருந்த சுமதியை எனக்குப் பேசினார்கள். சாதகம் பொருந்திவிட்டது. பெண் ஐந்தடி ஐந்தங்குலம். நானோ ஐந்தடி நாலு. (அதுவும் தலைமயிர் வெட்டுவதற்கு முதல்நாள் அளந்தால்.) என்னோடு ஒரே அறையில் இருந்த ரவி அண்ணை, குறிப்பில் ஐந்தடி ஏழு என்று போடச் சொன்னார். "ஆர் வந்து அளக்கப் போகினம்?" என்றார். போட்டேன். பெடியனை நேரில் பார்க்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொன்னதும் கடைக்கு ஓடினேன். ஒன்றரை அங்குலக் குதி வைத்த சப்பாத்து வாங்கி, ஒரு பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி உள்ளே இன்னொரு ஒன்றரை அங்குலத்துக்கு அடுக்கினேன். கணக்குச் சரி.

வரவேற்பறையில் இருத்திப் பலகாரம் தருவார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நம்பித்தான் கிளாஸ்கோவுக்குப் போனேன். சுமதியின் அப்பாவுக்கு வேறு எண்ணம். வீட்டுக்குள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தால் கதை வராது, கடற்கரையில் நடந்தால்தான் வரும் என்று காரை எடுத்தார். இரண்டு மணி நேரம் ஓடி, செம்மறிகள் மேய்கிற ஒரு வயலோரத்தில் நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை மணல். எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. நான் கோட் சூட்டோடு இறங்கினேன்.

தார் றோட்டில் நான் ஐந்தடி ஏழு. மணலில் இறங்கியதும் குதி புதைந்து ஐந்தடி ஐந்தரை. (நுனிக்காலில் நடந்தும் பார்த்தேன். நாலு எட்டுக்கு மேல் முடியவில்லை.) அப்பாவும் மகளும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் கழற்றச் சொன்னார்கள். பரவாயில்லை என்றேன். கொஞ்சத் தூரத்தில் ஒரு ஓடை மணலுக்குக் குறுக்கே கடலுக்கு ஓடியது. அங்கேயும் நான் கழற்றவில்லை. சுமதியின் அப்பா நின்றுவிட்டார்.

"தம்பி, காலில ஏதும் புண்ணோ? சுகர் இருக்கோ?"

உயரத்தைக் காப்பாற்றப் போய் நீரிழிவு வந்துவிட்டது. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று காட்ட, சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கினேன். இரண்டாவது எட்டில் ஈரமணல் சப்பாத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கால் மட்டும் கழன்று வந்தது. முகம்குப்புற விழுந்தேன். எழும்பிப் பார்த்தால், நீலச் செருப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. சுமதி ஓடிப்போய் ஒன்றைப் பிடித்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் குனிந்து.

"அப்பா, இவற்ற மிச்ச உயரம் இஞ்ச கிடக்கு."

அப்படியே மணலுக்குள் புதைந்துவிட்டால் நல்லது என்றிருந்தது. அவ்வளவு வெட்கம். எனக்கு அவளைப் பிடித்துப் போயிருந்தது, அதுதான் பெரிய கவலை. கூருக்கு வந்து இரண்டு நாள் ரவி அண்ணைக்கு முகம் கொடுக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அவளே ஃபோன் எடுத்தாள். வேறு எதையெல்லாம் கூட்டி எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? நான் சமையல்காரன் இல்லை, கோப்பை கழுவுகிறேன் என்றேன். என் ஜெர்மன் பாஷை சமையலறைக் கதவோடு முடிந்துவிடும் என்றும் சொன்னேன். அவளும் ஒன்றை ஒப்புக்கொண்டாள்.

"நானும் ஐஞ்சடி ஐஞ்சு இல்லை, ஐஞ்சடி ஆறு. அப்பா ஒண்டைக் குறைச்சுப் போட்டவர்."

அடுத்த வருடம் கலியாணம். சுமதி கூருக்கு வந்தாள். சுவிஸ் அடையாள அட்டையில் ஆளின் உயரத்தையும் போடுவார்கள். பல வருடம் கழித்துப் பிரஜாவுரிமை கிடைத்து, பிள்ளைகளோடு அந்த அட்டை எடுக்கப் போனபோது, அலுவலகப் பெண் என் உயரத்தைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கமுதல் சுமதி ஜெர்மனில் சொன்னாள்: நூற்று அறுபத்து மூன்று, சப்பாத்து இல்லாமல். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது எத்தனை கிலோமீட்டர் நடந்தேன் என்று சொன்னாலும், வேலையிடத்தில் முதலாளியை எப்படி எதிர்த்துக் கதைத்தேன் என்று சொன்னாலும், வீட்டில் ஒரே கேள்விதான்.

"அப்பா, இது சப்பாத்தோடையோ, சப்பாத்து இல்லாமலோ?"