'பழுக்கட்டும்' என்கிறவர்

நோயாளியைப் பார்க்காமலே நோயைச் சொல்லிவிடும் ஓர் இனம் உலகமெங்கும் உண்டு. மோட்டார் ஏறாத காலத்துக் கொல்லிமலையிலும் உண்டு. அவர்கள் நடந்தே எங்கும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

தேவனூர் நாட்டுக் கருப்பண்ணன் அந்த இனத்தில் முதல் தரம். பலாக்காயைத் தட்டி, என்றைக்குப் பழுக்கும், சுளை தேறுமா என்று சொல்வதில் மலையில் அவருக்கு இணை கிடையாது. மரத்தில் தொங்குவது தெரிந்தவருக்கு உடம்பில் முளைப்பது தெரியாதா?

இருசாயி தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி அவர் மனைவி ராக்கம்மாளிடம் மட்டும், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு, சொல்லியிருந்தாள். மறுநாளே கருப்பண்ணன் அவளுடைய சாமைக்காட்டுக்கு வந்து நின்றார். மார்பு என்ற சொல்லை உச்சரிக்காத கண்ணியவான். ஆகவே பக்கத்துப் பலாமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"வலிக்குதா தாயி?"

"இல்லீங்கண்ணா."

"கல்லாட்டம் இருக்குதா?"

"ஆமாங்க."

"அப்பக் காய்தான். பழுக்கட்டும். தன்னால ஒடஞ்சு போயிரும்."

பயம் போயிற்றா? அதற்குள் அவர் வாயில் காரணங்கள் வரிசைகட்டின: பால் கட்டிக்கொண்டது, கண் பட்டது, விறகுச் சுமை இடித்தது, சந்தையில் வாங்கிய கீழ்நாட்டு ரவிக்கை இறுக்கியது, தவிர, பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்குக் கெட்ட கட்டி வராது, அம்மாவுக்கு வராதது மகளுக்கும் வராது.

"கீழ ஆசுபத்திரிக்குப் போலாம்னு இருக்கறனுங்க."

"கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவிரும். பாப்பாயி போனாளே, திரும்பி வந்தாளா?"

பாப்பாயி இருசாயியின் கூட்டாளி. கட்டி உடைந்து நாறும்வரை காத்திருந்து, அதன்பிறகு தூளியில் மலையிறங்கியவள். அந்தப் புண்ணை நாள்தோறும் கழுவியது இருசாயியின் கை. காத்திருக்கச் சொன்னது யார்? கேட்கவும் வேண்டுமா?

"ஏனுங்கண்ணா, பலாக்காய்ல புழு உழுந்தா வலிக்குதுன்னு கத்துமுங்களா?"

கருப்பண்ணன் மரத்தைப் பார்த்தார். மரமும் கைவிட்டது.

இருசாயி புருஷன் மாதனோடு விடியலில் மலையிறங்கினாள். "இப்பவாவது வந்தாயே" என்றாள் டாக்டரம்மா. கட்டியை எடுத்தார்கள். இனி வரவே வராது என்று அவளும் வாக்குக் கொடுக்கவில்லை. வந்து காட்டிக்கொண்டிரு என்றாள். அடுத்த மிளகுப் பருவத்தில் இருசாயி ஏணிமேல் நின்றாள், அறுத்த பக்கத்துக் கையைச் சற்றுத் தாழ்த்தியே தூக்கிக்கொண்டு.

ஏணிக்கடியில் கருப்பண்ணன் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாந்தான் போகச் சொன்னது. பழுக்கறதுக்குள்ள பறிச்சரோணும்ல?"

"அண்ணா, ஏணியவாச்சும் கெட்டியாப் புடிங்க!" என்றாள் மேலேயிருந்து.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். ஆனால் 'வலிக்கவில்லை' என்று அவள் சொன்ன இடத்தில், "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று உங்கள் தலை லேசாக ஆடியதே?

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ராக்கம்மாள்மேல் சத்தியம்.