மேலோகத்தில் திறந்த நாக்கு

ஏற்காட்டு மலைக்கிராமமான வெள்ளக்கடையில் அந்த வருஷம் உயிரோடு இருந்தவர்களைவிடச் செத்துப்போனவர்கள்தான் அதிகம் பேசினார்கள். வாக்குச் சாமியார் வந்து இறங்கியது முதல் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. நகையை எங்கே ஒளித்து வைத்தாள் என்று மாமியாரின் ஆவியைக் கேட்க ஒரு மருமகள் வருவாள். காட்டு வரப்புத் தகராறுக்குச் சாட்சி சொல்லச் செத்துப்போன அப்பனை அழைக்க அண்ணனும் தம்பியும் தனித்தனியாக வருவார்கள். அப்பனும் தனித்தனியாக இருவருக்கும் சாதகமாகவே சொல்லிவிட்டுப் போவார்.

பழைய கொட்டகை ஒன்றில் சிவப்புத் துணி விரித்த நாற்காலியில் சாமியார் உட்கார்ந்திருப்பார். சாம்பிராணிப் புகை சூழும். கண்ணைப் பாதி மூடி உடம்பை ஓர் உலுக்கு உலுக்குவார். உடனே கிழவன் குரல், குமரி குரல், குழந்தை குரல் என்று கேட்ட குரல் வரும்.

முதல் வரிசையில் ஜீப் டிரைவர் குழந்தைவேல் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துத்தான் ஊர் அசந்துபோனது. ஏனென்றால் அவர் ஊரறிந்த பகுத்தறிவுவாதி. எஸ்டேட் ஜீப்பில் எலுமிச்சம்பழம் கட்ட வந்த கணக்கு ரைட்டரிடம், "இதப் புழிஞ்சு குடிச்சா வெயிலுக்காச்சும் ஆகுமுங்க" என்று சொன்னவர். பேயோட்ட வந்தவனைக் கேள்வி கேட்டே வாழவந்தி வரைக்கும் ஓட்டியவர். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து "ஏனுங்க, கொஞ்சம் யோசிங்க" என்று ஆரம்பித்தார் என்றால் எதிரில் இருப்பவரின் டீ ஆறி ஏடு கட்டிவிடும். அப்பேர்ப்பட்ட அறிவாளி இங்கே எப்படி வந்தார்?

மனைவி செத்துப்போனாள். அவ்வளவுதான்.

கண்ணாயிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. அந்த வீட்டில் எல்லாம் கைதான். உலை கொதிக்கிறது, மழை வருகிறது, நீ சொல்வது பொய், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு, எல்லாவற்றையும் அவள் கை சொல்லும். தை மாதக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டி அவள் போய்ச் சேர்ந்தாள். முன்பும் அந்த வீட்டில் அவர் பேச்சுக்குக் குரலில் பதில் வராது. இப்போது கையசைக்கவும் ஆள் இல்லை. மணிக்கணக்கில் பேசும் மனிதர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அப்படி ஒரு நாள் வெள்ளக்கடையில் ஜீப்பை நிறுத்தினார். கொட்டகைக்குப் பக்கத்து டீக்கடையில், கடைக்காரி அருக்காணி கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது? ஊட்டுல ஏதாச்சுங்களா?"

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தவர் போல எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி பெயர், வந்த நோய், வாழவந்தியில் கட்டிக்கொடுத்த மகள் கமலா, அக்குளில் கிழிந்த சட்டையைத் தைக்க ஆளில்லாதது எல்லாம் சொன்னார். கண்ணாயிக்குப் பேச்சு வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு "சும்மா வேடிக்கை பார்க்க" கொட்டகைக்குள் போனார். பகுத்தறிவுவாதிகள் எப்போதும் வேடிக்கை பார்க்கத்தான் போவார்கள்.

சாமியார் உலுக்கினார். தேன் குழைத்த பெண் குரல் வந்தது. "மாமா, கண்ணாயி வந்துருக்கேன். சட்டை கிழிஞ்சு கெடக்குதே, தெச்சுக் குடுக்க நான் இல்லியே!"

குழந்தைவேல் துள்ளி எழுந்தார். "எம் பொண்டாட்டிக்குப் பேச்சே வராதுங்களே!"

சாமியார் ஒரே ஒரு முறை எச்சிலை விழுங்கினார்.

"மேலோகம் வந்ததும் எனக்கு நாக்குத் தெறந்துருச்சு மாமா! மொத மொத உங்க கூடத்தான் பேசறேன்!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. குழந்தைவேலும் கும்பிட்டார். ஒரு குரலுக்காக இத்தனை வருஷம் ஏங்கிக்கிடந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தைக்கூட விட்டுவைக்காத மூளை, அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

அப்புறம் சாமியாருக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. "குழந்தைவேலே நம்பிட்டாராம்" என்ற ஒரு வரி மலை முழுக்கச் சுற்றியது. லாரி கவிழ்ந்து மகனைப் பறிகொடுத்த தெரசம்மாளை அவரே ஜீப்பில் ஏற்றிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

கொஞ்ச நாளில் தேன் குரல் கம்மத் தொடங்கியது. "தொண்டை அடைக்குது மாமா. என் கம்மலைக் கொண்டாந்து சாமி காலடியில வெச்சாத்தான் இனிமேப் பேச வரும்." கமலாவுக்கென்று கண்ணாயி வைத்துவிட்டுப் போன கம்மல் அது. எடுத்துவந்து வைத்தார். குரல் உடனே தெளிந்தது.

அடுத்த வாரம் கமலா வந்தாள். "அம்மா கம்மல் எங்கீங்கப்பா?" என்று கேட்டாள். அவர் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். அவள் கத்தவில்லை.

"அம்மா குரல் எப்படிங்கப்பா இருக்குது?"

"தேனு கண்ணு."

"நானும் கேக்கோணும். கூட்டிட்டுப் போங்க."

மகளுக்கும் அருள் கிடைக்கப்போகிறது என்று மனிதர் ஜீப்பைத் துடைத்துவைத்தார்!

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. அருக்காணி உச்சி வெயிலிலும் இரண்டு காதையும் முந்தானையால் மூடிக்கொண்டு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். சாமியார் உலுக்கினார்.

"வந்துட்டியா கண்ணு! என்னப் பெத்த தாயி!"

கமலா எதிரில் போய் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஐந்து விரலையும் குவித்து உதட்டருகே கொண்டுபோனாள். கையை விரித்துக் கேள்வியாக ஆட்டினாள்.

சாமியார் பாதி மூடிய கண்ணால் பார்த்தார். "ஏன் கண்ணு ஊமையாட்டம் நிக்கறே? பேசு."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கறேன். சாப்புட்டியான்னு கேக்கறேன். அம்மாவுக்கு இதுகூடவா தெரியல?"

சிஷ்யர் ஒருவர் குறுக்கே வந்தார். "ஆவிக்குக் கண்ணு தெரியாதுங்க அம்மிணி."

"அப்பாவோட கிழிஞ்ச சட்டை மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேன் குரல் அவசரமாக வந்தது. "நாக்குத் தெறந்ததும் கைப்பேச்சு மறந்துபோச்சு கண்ணு."

"சரி, எல்லாம் மறந்துருக்கட்டும். அப்பாவை எப்படிக் கூப்புடுவே? அது ஒண்ண மட்டும் காட்டு."

எல்லாத் தலையும் சாமியார் பக்கம் திரும்பியது. அவர் யோசித்தார். பத்தினிப் பெண் புருஷனை எப்படிக் கூப்பிடுவாள்? இரண்டு கையையும் கூப்பி, தலைக்கு மேல் உயர்த்தி, பக்தியோடு குழந்தைவேலைக் கும்பிட்டார்.

குழந்தைவேல் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாயி அவரைக் கும்பிட்டதே கிடையாது. நான்கு விரலையும் கட்டைவிரலையும் வாத்து வாய் போலப் படபடவென்று அடித்துக் காட்டுவாள். 'ஓயாத வாய்' என்று அர்த்தம். அதுதான் அவருக்கு அந்த வீட்டில் பெயர். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. கண்ணாயி போன பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார்.

அந்தக் கேள்வியை அவர் முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்டால் குரல் போய்விடும் என்று உள்ளே ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருவன் அவர்தான்.

வெயிலில் மூடிய காதை வரும்போதே கவனித்திருந்த கமலா நேராக டீக்கடைக்குப் போய் அருக்காணியின் முந்தானையை விலக்கினாள். காதில் கண்ணாயியின் கம்மல் மின்னியது.

"ஏனுங்க! பாத்துக்கிட்டு உக்காந்துருக்கறீங்களே!" என்று அருக்காணி கொட்டகையைப் பார்த்து அலறினாள்.

"நாந்தான் அப்பவே கழட்டி வையின்னு சொன்னனே!" என்று கட்டைக் குரலில் பதில் வந்தது. சொன்னவர் சாமியார். தேன், மேலோகம், திறந்த நாக்கு எல்லாம் ஒரே நொடியில் போய், நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டிய வேலுசாமி மட்டும் நாற்காலியில் மிச்சமிருந்தார்.

டீக்கடையில் பெண்டாட்டி கேட்டதைத்தான் கொட்டகையில் புருஷன் பேசியிருக்கிறார். கூட்டம் பாய்ந்தது. நாற்காலி உடைந்தது. கம்மல் கமலா கைக்கு வந்தது.

தெரசம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அப்ப எம் மகன் பேசுனதுங்க?" என்று கேட்டாள்.

குழந்தைவேல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அது நீங்க டீக்கடையில சொன்னதுதானுங்கம்மா. உங்களக் கூட்டியாந்ததும் நாந்தான். அந்தாளத் திட்டறதுக்கு முன்னால என்னயத் திட்டுங்க." அவள் திட்டவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அது நிஜ அழுகை. அதற்குச் சாம்பிராணி தேவைப்படவில்லை.

குழந்தைவேல் மறுபடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு வந்தார். இப்போது வேறு யார் கதையையும் சொல்வதில்லை. தான் ஏமாந்த கதையைத்தான் சொல்வார், கம்மலோடு, கும்பிடோடு, வாத்து வாயோடு. "துக்கம் வந்தா நல்லா அழுவுங்க. ஆனா அழுவற நேரத்துல மூளையக் கழட்டி அடுத்தவன் கையில குடுத்துராதீங்க. என்னைய மாதிரி மேதாவிங்க மொதல்ல குடுப்பாங்க" என்பார்.

ஒரு நாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, அந்தச் சாமியாரு இப்ப எந்த ஊர்லீங்க இருக்காரு?"

குழந்தைவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோசிக்கற ஆளு இல்லாத ஊராப் பாத்துத்தானுங்க போயிருப்பாரு. நீங்க தேடி அலைய வேண்டாம். இப்படியே கேட்டுக்கிட்டிருங்க, அவரே இங்க திரும்பி வந்துருவாரு."